எழுத்தை ஓவியமாக்கிய பணிக்கர்

நவீன ஓவியத்தின் முன் நிற்கையில் நம்மில் பலர் முதலில் கேட்பது, இதற்கு என்ன பொருள் என்பதுதான். அக்கேள்வியையே தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஓவியர் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் கே. சி. எஸ். பணிக்கர்.

1911-இல் கோவையில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். தூரிகை இளமையிலேயே கைவந்துவிட்டது. எனினும் குடும்பச் சுமை அவரைத் தந்தித் துறை ஊழியராக்கியது. 1936-இல்தான் சென்னை அரசுக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் தலைவர். பணிக்கர் 1941-இல் அங்கேயே ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957-இல் பள்ளியின் முதல்வருமானார்.

தென்னையும் நீர்நிலையுமாக அவர் தீட்டிய தொடக்ககால நீர்வண்ண ஓவியங்கள் கண்ணுக்கு இனியவை. அவற்றோடு நின்றிருந்தாலும் புகழ் குறைந்திராது. ஆனால் 1954-இல் லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பியவரை ஒரு வினா அரித்தது. வான்கோவின் வண்ணத்தையும் மேலை நாட்டார் முறையையும் பயின்றாயிற்று. இதில் நம் மண்ணுக்குரியது எது?

விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? கணக்கு பயிலும் மாணவன் ஒருவனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து! எண்களும் இயற்கணித எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் நிறைந்த அந்தப் பக்கம், பொருளுக்காக அன்றித் தோற்றத்திற்காகவே அவரைக் கவர்ந்தது. 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை பிறந்தது. சாதகக் கட்டம், எண், மீன், பறவை, இவற்றினிடையே எறும்பு வரிசைபோல் மலையாள எழுத்துச் சாயல். மலையாளம் அறிந்தவரும் அவற்றை வாசிக்க இயலாது. வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல அவை, பார்ப்பதற்காக எழுதப்பட்டவை.

நமக்கு இது அத்துணை அந்நியமானதன்று. தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். வில்லேந்திய வீரனும் வட்டெழுத்து வரிகளும் ஒரே கல்லில் உள்ளன. வட்டெழுத்துப் படிக்கத் தெரியாத நம் கண்ணுக்கும் அவ்வரிகள் அழகாகத்தானே தோன்றுகின்றன? நடுகல் செய்தவன் செய்தி சொல்ல எழுதினான். பணிக்கர் செய்தியை நீக்கி அழகை மட்டும் எடுத்துக்கொண்டார். இது இழப்பே என்பாரும் உளர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே நானும் கருதுகிறேன்.

அழகியல் ஒருபுறமிருக்க, வயிற்றுப்பாடு என்றொன்று உண்டல்லவா? பள்ளியில் தேறிய திறமைசாலிகள் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குப் போய்த் தூரிகையை மறந்ததை முதல்வர் பணிக்கர் கண்ணெதிரே கண்டார். வாங்குவோர் விருப்பத்திற்கு வரைந்தால் கலை போயிற்று. வரையாவிட்டால் சோறு போயிற்று. மாணவர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அப்பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியை வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. நாளின் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு, மறுபகுதி எவருக்கும் கட்டுப்படாத கலைக்கு. அரசிடமோ செல்வரிடமோ கையேந்தாமல் ஓவியர் தாமே எழுப்பிய ஊர் அது. ஆதரவாளர் துணையின்றி வரைந்து வாழ வழி வகுத்ததையே பணிக்கரின் ஓவியங்களினும் பெரிய சாதனையாக நான் எண்ணுகிறேன்.

1967-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் பணிக்கரும் அக்கிராமத்தில் வாழ்ந்தார். 1977 சனவரியில் மறைந்தார். அவர் ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் தனிக்கூடம் உண்டு. சோழமண்டலத்தில் ஓவியர்கள் இன்றும் வாழ்கின்றனர்.