கனலை வசப்படுத்திய ஆல்பிரெட் பியூகி

ஓட்டப்பிடாரம் என்றவுடன் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. 1872-ஆம் ஆண்டு அவ்வூரிற் பிறந்த அப்பெரியார், 1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல்களை ஓட்டிய வரலாற்றை எம் பக்கத்துச் சிறுவரும் அறிவர். அதற்கு ஓராண்டு முன்னர், கடற்கரையே இல்லாத ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் தோன்றிய இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர், யந்திரங்களின் புகைக்குழல் வழியே வீணே போகும் கனலை மீட்கும் வழி கண்டு, அதற்கு உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். அவர் பெயர் ஆல்பிரெட் பியூகி. பிற்காலத்தில் உலகத்துப் பெருங்கப்பல்கள் பலவும் அவர் கண்ட முறையைக் கைக்கொண்டன. இன்று கோவிற்பட்டியிலிருந்து தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிச் செல்லும் லாரிகளும் அம்முறையாலேயே ஓடுகின்றன. யந்திர நூலார் உலகெங்கும் போற்றும் இப்பெயர் நம் தமிழ் ஏடுகளில் மிகுதியும் வழங்காமையின், இதனை எழுதத் துணிந்தேன். இலக்கியம் பயில்வோனுக்கு யந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

பியூகி 1879-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள் விண்டர்தூர் நகரிற் பிறந்தார். அந்நகரில் சுல்ஸர் என்னும் பெரிய யந்திரத் தொழிற்சாலை இருந்தது. அவர் தந்தையார் அதில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆதலின் வார்ப்பட உலையும் நீராவியின் ஓசையும் இளமை தொட்டே அவருக்குப் பழக்கமாயின. சூரிச் நகரத்துப் பொறியியற் கலாசாலையிற் பயின்று 1903-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில காலம் தொழில் புரிந்தார். அயல்நாட்டில் வாழ்ந்த அந்நாட்களிலேதான் அவர் உள்ளத்தை அவ்வெண்ணம் பற்றிக்கொண்டது.

அவ்வெண்ணத்தைச் சுருங்கக் கூறுவேன். எண்ணெயை எரித்து ஓடும் யந்திரத்தில், எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு குளிர்விக்கும் நீரிற் கரைகிறது. எஞ்சிய பங்கு சூடான புகையாய் வெளியேறி விடுகிறது. அப்புகையை ஒரு சிறு சுழலியின் இதழ்கள்மீது பாய்ச்சினால் சுழலி சுற்றும். அச்சுழலியைக்கொண்டே புறக்காற்றை அமுக்கி யந்திரத்தினுட் செலுத்தலாம். காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாய் எரியும். யந்திரத்தின் அளவைப் பெருக்காமலே அதன் வலிமையைப் பெருக்கலாம். இதுவே 1905-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அவர் விண்ணப்பித்த உரிமையின் சாரம். இன்று மோட்டார்ப் பட்டறைகளில் டர்போ என்று வழங்குவது இதனையே.

எண்ணம் எளிது, ஆனால் அது நிறைவேற இருபது ஆண்டுகள் சென்றன. காரணம் கனலே. எந்தக் கனலைச் செல்வமென்று பியூகி கருதினாரோ, அதுவே அவர்க்குப் பகையாயிற்று. யந்திரத்தை விட்டு வெளிப்படும் புகை சென்டிகிரேட் 600 பாகையையும் கடக்கும். இரும்பு மங்கிய செந்நிறம் கொள்ளும் சூடு அது. அச்சூட்டில் அக்காலத்து எஃகு வலுக் குன்றும். சுழலியோ மிகு வேகமாய்ச் சுற்றுவது. சுற்றும் வேகம் இதழ்களைப் புறத்தே இழுக்க, வலுக் குன்றிய இதழ் நாளடைவில் நீண்டு முறியும். ஏழு மடங்கு சூடாக்கப்பட்ட சூளையினின்றும் எபிரெய வாலிபர் மூவர் நெருப்பின் மணமும் ஒட்டாமல் வெளிவந்த வரலாற்றை நாம் தானியேல் ஆகமத்தில் அறிவோம். பியூகியின் எஃகுக்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை.

அவர் தம் நகருக்கு மீண்டு, சுல்ஸர் தொழிற்சாலையில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1915-இல், வானூர்திகள் காற்றுக் குறைந்த உயரத்திலும் வலி குன்றாது பறக்கும்பொருட்டு ஒரு மாதிரி யந்திரத்தைச் சமைத்தார். அது நம்பத்தக்கதாய் ஓடாமையின் கைவிடப்பட்டது. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் வேறு சிலர் அதே வழியில் முயன்றனர். 1918-இல் ஸான்போர்டு மாஸ் என்னும் அமெரிக்கர், 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் மலையுச்சிக்கு ஒரு வானூர்தி யந்திரத்தை ஏற்றிச் சென்று, சுழலியின் பயனை அங்கே மெய்ப்பித்தார். தாம் விதைத்தது பிறர் நிலத்தில் முளைத்ததைக் கண்டும் பியூகி தம் முயற்சியை விடவில்லை. இவ்விடத்தில்தான் எனக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டாயிற்று; பிறர்க்கு முன்னே எண்ணியவர் பலருண்டு, தோற்றபின்னும் அதனிடமே நிலைத்து நின்றவர் சிலரே.

1925-ஆம் ஆண்டு வெற்றி கிட்டியது. அதன் சூக்குமம் இரண்டு. புகை, குழலில் ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு உருளையினின்றும் துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒன்றின் துடிப்பு மற்றொன்றைத் தடுக்காதவாறு அவற்றைத் தனித்தனிக் குறுங்குழல்களால் சுழலிக்குக் கொண்டுசென்றார். இது முதலாவது. புகை வெளியேறும் வாயில் மூடுமுன்னரே காற்று நுழையும் வாயிலைத் திறந்து, குளிர்ந்த காற்றுச் சிறிது உருளையினூடே பாய்ந்து செல்ல விட்டார். அக்காற்று எஞ்சிய புகையைத் துடைத்ததோடு, வாயில்களையும் சுழலியையும் ஓரளவு குளிர்வித்தது. இது இரண்டாவது. இரும்பைக் காக்கும் மேற்பூச்சு இல்லாத அந்நாளில் காற்றையே அவர் பூச்சாக்கினார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜெர்மானியப் பயணிக் கப்பல்களாகிய பிராய்ஸன், ஹன்ஸஸ்டாட் டான்ஸிக் என்னும் இரண்டிலும் அமைந்த பத்து உருளை டீஸல் யந்திரங்கள், 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனுக்கு இம்முறையால் உயர்ந்தன. அதன்பின் உலகம் அவரைத் தேடி வந்தது. 1938-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸாரர் கம்பெனியார் லாரி யந்திரத்திலும் சுழலியைப் பூட்டினர். பியூகி 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் தாம் பிறந்த நகரிலேயே காலமானார். விற்பனைக்கு வந்த மோட்டார்க் கார்களில் சுழலி முதன்முதல் அமைந்தது 1962-இல், அமெரிக்காவில்; அதனைக் காண அவர் இல்லை.

கார் சிறிதாயினும் அதன் தொல்லை பெரிது. பெட்ரோல் யந்திரத்துப் புகை ஏறக்குறைய 1,000 பாகை வரை சூடேறும். உள்ளங்கையில் அடங்கும் சுழலி நிமிஷத்திற்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுச் சுற்றும். குழலின் சுவர் வழியே சூடு கசிந்தால், சுழலிக்குச் சேரவேண்டிய சக்தி குறையும்; அருகிலுள்ள ரப்பர்க் குழாய்களும் கம்பிகளும் வெந்து கெடும். முன்னாளில் கல்நார்க் கயிற்றைச் சுற்றினர். அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது பின்னரே வெளிப்பட்டது. இந்நாளிற் பூச்சு அவ்விடத்தைப் பெற்றுள்ளது. சிர்க்கோனியா என்னும் பீங்கான் இனத்துப் பொருளைப் பொடியாக்கி, பிளாஸ்மா என்னும் கடுங்கனற் சுடரில் உருக்கி, இரும்பின்மீது வீசித் தெளிக்கின்றனர். ஒரு மில்லிமீட்டரில் சில பத்திலொரு பங்கே அதன் கனம். சிர்க்கோனியா சூடேறித் தணியும்போது தன் உள்ளமைப்பு மாறி வெடிக்கும் இயல்புடையது. நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இட்ரியா கலந்து அதனை நிலைநிறுத்துகின்றனர்.

இன்னுமோர் இடர் உண்டு. சூட்டில் இரும்பு மிகுதியும் விரியும். பீங்கான் அத்துணை விரியாது. அடியிலிருப்பது அசைய, மேலிருப்பது பிளந்து உரியும். கரிசல் நிலத்தார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மழையில் ஊதிக் கோடையில் வெடிக்கும் அம்மண்ணின்மேல் நேரே எழுப்பிய சுவர் எத்துணை உறுதியாயினும் கீறும். ஆதலால் வானம் தோண்டி, கரிசலை அகற்றி, மணலோ சரளையோ நிரப்பியன்றோ நம்மவர் அடித்தளம் இடுகின்றனர்? பூச்சுத் தொழிலாளரும் அதனையே செய்கின்றனர். இரும்புக்கும் பீங்கானுக்கும் நடுவே, நிக்கல், குரோமியம், அலுமினியம் முதலியன கலந்த ஓர் அடிப்பூச்சு இட்டு, இரண்டையும் இணக்குகின்றனர்.

இத்தெளிப்புத் தொழிலுக்கும் பியூகியின் ஊருக்கும் ஒரு தொடர்பு நேர்ந்தது. அவர் பல்லாண்டு கனலோடு போராடிய அதே சுல்ஸர் கம்பெனி, தெளிப்புப் பூச்சிற் பெயர்பெற்ற மெட்கோ என்னும் அமெரிக்க நிறுவனத்தை 1994-இல் வாங்கி, 2014 வரை நடத்தியது. 1905-இல் பியூகிக்கு எட்டாதிருந்த காவலை அவர் கம்பெனியே உலகிற்கு விற்கலாயிற்று.

சென்ற விடுமுறையில், எட்டயபுரம் சாலையோரத்துத் தேநீர்க் கடை முன் தீப்பெட்டி லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் அண்ணாச்சி இறங்கிய பின்னும் யந்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் வீணாகிறதே என்று கேட்டேன். டர்போ சூடாக இருக்கிறது, உடனே நிறுத்தினால் அதற்குள் ஓடும் எண்ணெய் நின்று கருகிவிடும், இரண்டு நிமிஷம் ஆறவேண்டும் என்றார். பியூகியைப் பற்றிச் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டவர், அந்த ஐயா எந்த ஊர் என்று வினவினார். பின்பு எழுந்துபோய் யந்திரத்தை நிறுத்தினார்.