நெய்யூரைத் தெரிந்துகொண்ட மருத்துவர்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள காரக்கோணத்தில், தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி ஒன்று 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு டாக்டர் சோமர்வெல்லின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டது. எவரெஸ்ட் சிகர முயற்சிகளின் வரலாற்றிலும் இடம் பெற்ற பெயர் இது. புகழும் வசதியும் காத்திருந்த வேளையில், அவற்றை விட்டுத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரு சிற்றூரைத் தம் பணிக்களமாகத் தெரிந்துகொண்டவர் அவர்.

தியோடர் ஹோவார்ட் சோமர்வெல் 1890 ஏப்ரல் 16 அன்று இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணி உற்பத்தியில் பெயர் பெற்ற குடும்பத்தில் பிறந்தார். பக்தியுள்ள இல்லத்தில் வளர்ந்தவராயினும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது சில காலம் கடவுளை மறுத்து நின்றார். பின்னர் விசுவாசத்திற்குத் திரும்பினார். சந்தேகத்தைக் கடந்து வந்த அந்த விசுவாசம், பெற்றோரின் வழக்கமாக மட்டும் இராமல் அவருடைய சொந்த உறுதியாயிற்று.

முதல் உலகப் போரில் அவர் இராணுவ மருத்துவராகப் பிரான்சில் பணியாற்றினார். 1916-இல் நடந்த சோம் பெரும்போரின்போது, மருத்துவக் கூடாரங்களைச் சுற்றிலும் ஏக்கர் கணக்கான நிலப்பரப்பில் காயமுற்ற வீரர்கள் படுத்துக் கிடந்தனர். அறுவைச் சிகிச்சை செய்பவர்களோ மிகச் சிலரே. ஆயினும், தன்னை முதலில் கவனிக்கும்படி எவரும் மன்றாடவில்லை. மரணத் தறுவாயிலும் அடுத்தவருக்கு இடம் விட்ட அம்மனிதர்களை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

மலையேற்றத்தில் தேர்ந்தவரான அவர் 1922-இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் சேர்ந்தார. அவ்வாண்டு ஜூன் 7 அன்று ஏற்பட்ட பனிச்சரிவில், குழுவினரின் சுமைகளைச் சுமந்து வந்த ஏழு தொழிலாளர்கள் மாண்டனர். அதே சரிவில் சிக்கிய சோமர்வெல்லும் மற்ற ஆங்கிலேயரும் உயிர் தப்பினர். இறந்தவர்கள் அனைவரும் கூலிக்கு வந்த மலைமக்களாகவே இருக்க, தங்களில் ஒருவர்கூட அவர்களோடு மடியவில்லையே என்னும் வேதனை அவர் உள்ளத்தை வாட்டியது.

அந்தப் பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். திருவனந்தபுரத்துக்குத் தென்கிழக்கே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், இலண்டன் மிஷன் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி நடைபெற்று வந்தது. நோயாளிகள் திரளாகக் காத்திருக்க, தேர்ச்சி பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரே ஓய்வின்றி உழைப்பதை அங்கே கண்டார். ஊர் பார்க்க வந்தவர் உடனே உதவிக்கு முன்வந்தார். இலண்டனில் அவருக்கு ஒளிமிக்க எதிர்காலம் இருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே தம்மை ஒப்படைத்தார்.

நெய்யூர்ப் பணியை ஏற்றபின், 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். பனிச்சரிவு அபாயம் நிறைந்த வடகணவாயில் நான்கு சுமையாளர்கள் சிக்கிக்கொண்டனர். தலைவர் நார்ட்டன், மல்லோரி ஆகியோருடன் சோமர்வெல் அவர்களை மீட்கச் சென்றார். கயிறு போதாத தூரத்தில் இருவர் சறுக்கியபோது, அவர் தம் உடலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துப் பனிக்கோடரியில் சுற்றினார். ஒரு கையால் கயிற்றின் முனையைப் பற்றிக்கொண்டு மறு கையால் அவர்களைப் பிடித்து இழுத்தார். நால்வரும் உயிரோடு திரும்பினர். சில நாட்களுக்குப் பின், ஜூன் 4 அன்று, ஆக்சிஜன் கருவியின்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம்வரை ஏறி, தொண்டை அடைத்து மூச்சுத் திணறியதால் திரும்பினார். சிகரம் எட்டவில்லை.

ஆனால் நெய்யூரில் அவருக்காக நோயாளிகள் காத்திருந்தனர். 1925-இல் மார்கரெட் அம்மையாரை மணந்தபின் இருவரும் அங்கேயே இல்லறம் நடத்தினர். மரவள்ளிக்கிழங்கை முதன்மை உணவாகக் கொண்ட அப்பகுதியின் ஏழை மக்களிடையே குடற்புண் மிகுதியாக இருந்தது. அதற்கான அறுவைச் சிகிச்சையில் அவர் சிறந்த நிபுணரானார். சாதியின் பெயரால் சில வீதிகளும் கோயில்களும் மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வெளிவந்ததே 1936-இல்தான். அத்தகைய நாட்களிலும் நெய்யூர் மருத்துவமனையின் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்திருந்தது.

1938-இல் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கப்பட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு நெய்யூரில் உழைத்தபின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர்களைப் பயிற்றுவித்து, 1961-இல் தாயகம் திரும்பினார். 1975 ஜனவரி 23 அன்று, தம் 84-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

விசுவாசத்தில் நிச்சயம் வேண்டும் என்று ஏங்குவோர் பலர். அதைத் தம் மன உணர்ச்சிகளில் தேடி, கிடைக்காமல் கலங்குவோரும் உண்டு. கடவுளை ஒருமுறை மறுத்த சோமர்வெல், தம் உள்ளத்தை ஆராய்ந்துகொண்டே காலத்தைக் கழிக்கவில்லை. காத்திருந்த நோயாளியின் அருகே சென்று நின்றார். அடுத்தவருக்காகக் கயிற்றை அவிழ்க்கத் துணிந்த அன்பில் அவருடைய விசுவாசம் வேரூன்றி நிலைத்தது. நம் வாசலில் இன்று காத்திருப்பவர் யார் என்று பார்ப்பதே நமக்கும் தொடக்கமாகட்டும்.