பால் எர்லிக்: ஒற்றைத் தோட்டா போதவில்லை

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் தொழிலாளத் தோழர்கள் பலருக்கும் எழும் ஐயம் ஒன்று உண்டு. ஒரு நோய்க்கு நாலு மருந்து எதற்கு? நியாயமான ஐயம்தான். அதற்கு விடை தேடிப் போனால், நூறாண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் சுண்டெலிக் கூண்டுகளின் நடுவே, ஓயாமல் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் நாம் போய்ச் சேருவோம். அவர் பெயர் பால் எர்லிக்.

1854-இல் சைலீஷியாவின் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவ்வூர் இன்று போலந்தில் இருக்கிறது. மருத்துவம் படித்தவரென்றாலும் அவர் மனம் நோயாளியின் படுக்கையைவிடச் சாயத்தையே சுற்றியது. நெசவாலைகளுக்காக ஜெர்மானியத் தொழிற்சாலைகள் அன்று புதுப்புதுச் சாயங்களைச் செய்து குவித்தன. அந்தச் சாயங்களை உயிரணுக்கள் மேல் ஊற்றிப் பார்த்தார். ஒரு சாயம் ஒருவகை அணுவை மட்டும் பற்றிற்று. பக்கத்து அணுவைத் தொடவில்லை. சாயம் ஆள் பார்த்துப் பற்றும் என்றால், நஞ்சும் ஏன் அப்படிப் பற்றக் கூடாது? மனிதனை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தேடிக் கொல்லும் மந்திரத் தோட்டா ஒன்றைச் செய்துவிடலாமே! இதுதான் அவர் வாழ்நாள் கனவு.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிவித்த 1882-ஆம் ஆண்டிலேயே, அதற்குச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார் எர்லிக். பின்னர் அந்நோய் அவரையே பற்றிற்று. எகிப்து சென்று உடல் தேறித் திரும்பினார். 1908-இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது 1914-இல், அவருடைய அறுபதாம் வயதில்தான். எர்லிக் யூதர். பிறப்பைப் பார்த்து நாற்காலி போடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

பிராங்பர்ட் நகரில் அவர் நடத்திய சோதனைக்கு வருவோம். தூக்க நோய் வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணிகளைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி மருந்து கொடுத்தார்கள். ஒட்டுண்ணிகள் மறைந்தன, சில நாளில் மீண்டும் வந்தன. மறுபடி மருந்து, மறுபடி மறைவு, மறுபடி வரவு. கடைசியில் எவ்வளவு கொடுத்தாலும் அசையாத கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது! 1907-இல் இதை வெளியிட்டார். அரைகுறை மருத்துவம் கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சி கொடுத்துவிடுகிறது என்பதை உலகம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது அங்கேதான்.

தம் கனவுக்கே கேடு சூழ்ந்ததைக் கண்டும் அவர் சோர்ந்துவிடவில்லை, மேலும் பார்த்தார். ஒரு சாயத்துக்கு அசையாத கூட்டம், ஆர்சனிக் மருந்துக்குச் செத்தது. ஆர்சனிக்குக்கு அசையாதது, வேறு சாயத்துக்குச் செத்தது. ஒவ்வொரு மருந்தும் கிருமியின் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கிறது என்று முடிவு கட்டினார். ஆகவே வேறு வேறு இடத்தைத் தாக்கும் மருந்துகளை ஒரே வேளையில் ஏவ வேண்டும் என்று 1913-இல் லண்டன் மருத்துவ மாநாட்டில் வற்புறுத்தினார். ஒரு பட்டறை மட்டும் தனித்து வேலைநிறுத்தம் செய்தால் முதலாளி சமாளித்துக்கொள்கிறான் என்பதை அறிந்த நம் தோழர்களுக்கு இது விளங்காத கணக்கல்ல.

இதனிடையே 606-ஆம் மருந்து பிறந்தது. முன்பே செய்து ஒதுக்கிவிட்ட பொருளை ஜப்பானியரான ஹட்டா 1909-இல் மீண்டும் சோதித்து, அது மேகநோய்க் கிருமியைக் கொல்வதைக் கண்டார். 1910-இல் சால்வர்சான் என்று கடைக்கு வந்தது. ஒரே ஊசியில் நோய் தீரும் என்றுதான் எர்லிக் நம்பினார். தீரவில்லை, பல ஊசிகள் வேண்டியிருந்தன, பாதரசமும் துணை சேர்க்கப்பட்டது. 1915 ஆகஸ்டில் அவர் மறைந்தார். பின்னர் வந்த நாஜிகள் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயரையும் அழித்தார்கள்; அவர் மனைவி நாட்டை விட்டே போக நேர்ந்தது.

தெருப்பெயரைத்தான் அழிக்க முடிந்தது. 1948-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் ஆறு மாதத்தில் இறந்தவர் 4 பேர். பெறாத 52 பேரில் 14 பேர். எல்லோரும் மகிழ்ந்தனர். ஐந்தாண்டு சென்று எண்ணினால் 32-ம் 35-ம்! இடையில் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. பாஸ் என்னும் இரண்டாம் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபின்தான் அந்தப் பழக்கம் பெரும்பாலும் தடைப்பட்டது. நுரையீரல் புண்ணில் கிருமிகள் பத்துக் கோடி அளவில் இருக்கும். ஐசோனியசிட்டுக்கு அசையாதது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ரிபாம்பிசினுக்கு அசையாதது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் அசையாதது கோடி கோடியில் ஒன்றுதான்.

ஆனால் சேர்த்ததெல்லாம் கூட்டணி ஆகிவிடாது. பெனிசிலின் கிருமியின் சுவரைச் சிதைத்தால், அந்த உடைப்பின் வழியே ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளே புகுகிறது; இது உதவி. அதே பெனிசிலின், வளர்ந்து சுவர் கட்டும் கிருமியைத்தான் கொல்லும். வளர்ச்சியையே நிறுத்தும் ஆரியோமைசினை அதனுடன் கொடுத்தால் பெனிசிலினுக்கு வேலை இல்லை. 1951-இல் அமெரிக்காவில் மூளையுறைக் காய்ச்சலுக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள், பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட மிகுதியாக இறந்தனர்.

சென்னையில் 1956-இல் அமைந்த காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் ஏழைகளை வைத்தே ஒன்றை நிறுவியது. ஐசோனியசிட்டும் பாஸும் ஓராண்டு ஒழுங்காகக் கிடைத்தால், குடிசையில் படுத்தவரும் சானடோரியத்தில் பாலும் முட்டையும் உண்டவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். முடிவு வெளிவந்தது 1959-இல். இன்று ஆறு மாத மருத்துவத்தில் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பின் நாலு மாதம் மூன்று மருந்து. இருமல் நின்றதும் கூலி போகிறதே என்று நடுவில் விட்டால், எர்லிக்கின் எலிக்கூண்டில் நடந்தது நம் நெஞ்சுக்குள் நடக்கும். கூலியை இழக்காமல் மருந்து வாங்க வழி செய்வது ஆலை நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்குவது சங்கத்தின் கடமை.

இணைப்பு என்ற பெயரில் கம்பெனிகள் நடத்தும் வியாபாரம் தனிக் கதை. தேவையே இல்லாத மருந்துகளை ஒரே மாத்திரையில் திணித்து விலை ஏற்றினார்கள். 2016 மார்ச்சில் இந்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி இணைத்தவையும் அந்தப் பட்டியலில் இருந்தன.