தொலைந்துபோன காரை மீட்ட பொம்மை: ஹாட் ராட் உலகின் ‘பிக் டாடி’ எட் ராத் கதை

ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் தெரியாதவர்கள் குறைவு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும். குழந்தைக்கு என்று சொல்லி வாங்கி, ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 1968-ல் ஹாட் வீல்ஸ் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது மொத்தம் 16 மாடல்கள்தான் இருந்தன. அதில் ஒன்று ‘பீட்னிக் பேண்டிட்’. மேலே கண்ணாடிக் குமிழ் வைத்த, விண்கலம் மாதிரியான ஒரு விசித்திர வண்டி.

அது கற்பனை வண்டி இல்லை. நிஜமாகவே ஒருவர் அதைக் கட்டினார். அவர் பெயர் எட் ராத். கார் கம்பெனி எதிலும் வேலை பார்த்தவர் இல்லை. அவர் செய்த கார்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவற்றின் சின்ன வடிவம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. பிற்காலத்தில் ஒரு கார் காணாமல் போனபோது, அதைத் திரும்பக் கட்ட உதவியதும் அந்தச் சின்ன வடிவம்தான்.

அது என்ன ஹாட் ராட்?

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. மாடல் டி, மாடல் ஏ, 1932-ம் வருட ஃபோர்டு ஆகியவைதான் பசங்களின் முதல் சாய்ஸ். வாங்கியதும் மட்காடு, பானெட் என்று எடையைக் கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு, வேறு வண்டியிலிருந்து எடுத்த பெரிய எஞ்சினை உள்ளே உட்கார வைப்பார்கள். காய்ந்துபோன ஏரிப் படுகைகளில் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார்கள். இதுதான் ஹாட் ராட்.

காசில்லாத இளைஞர்களின் பொழுதுபோக்காக ஆரம்பித்த விஷயம் இது. 1950-களில் இதற்கென்றே பத்திரிகைகளும் கண்காட்சிகளும் வந்துவிட்டன.

பெயின்ட் பிரஷ்ஷில் ஆரம்பித்த வாழ்க்கை

எட் ராத் 1932 மார்ச் 4-ம் தேதி கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். ராத் வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பெல் என்ற ஊரில். பள்ளியில் அவர் படித்தவற்றில் இரண்டு வகுப்புகள் பின்னாளில் கைகொடுத்தன. ஒன்று கார் மெக்கானிக் வேலை, இன்னொன்று ஓவியம்.

1951-ல் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து, 1955-ல் வெளியே வந்தார். கல்யாணம் ஆகி, ஐந்து மகன்கள். சியர்ஸ் கடையில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம் என்பதால், வேலை முடிந்து வந்ததும் கார்களுக்குப் பின்ஸ்ட்ரைப்பிங் செய்துகொடுத்தார். காரின் உடம்பில் நூல் மாதிரி மெல்லிய கோடுகளைக் கையாலேயே வரைவதுதான் பின்ஸ்ட்ரைப்பிங். கை கொஞ்சம் நடுங்கினாலும் வேலை கெட்டுவிடும். அதில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. 1950-களின் கடைசியில் அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார்.

கூடவே இன்னொரு வருமானமும் வந்தது. கண்காட்சிகளில் உட்கார்ந்து டி-ஷர்ட்டில் ஏர்பிரஷ்ஷால் பூதங்களை வரைந்து விற்றார். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கையில் கியர் ராடு. பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அப்படி வந்த பாத்திரங்களில் பெரிதாகப் புகழ்பெற்றது ‘ரேட் ஃபிங்க்’ என்ற பச்சை நிற எலி. டிஸ்னியின் மிக்கி மவுஸுக்கு நேர் எதிராக, அழுக்காக, ஈ மொய்க்க நிற்கும் எலி அது. கார் கட்ட ராத் செலவு செய்த பணத்தில் பெரும்பங்கு இந்த டி-ஷர்ட் வியாபாரத்திலிருந்து வந்ததுதான்.

தகரத்தை விட்டு ஃபைபர் கிளாஸுக்கு

அந்தக் காலத்தில் காரின் உருவத்தை மாற்ற வேண்டும் என்றால் இரும்புத் தகடை வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்து, ஈயத்தால் நிரவ வேண்டும். அதற்குப் பல வருடத் தொழில் அனுபவம் வேண்டும். ராத் வேறு வழியைப் பிடித்தார். அதுதான் ஃபைபர் கிளாஸ். படகு கட்டுபவர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திவந்தார்கள். 1953-ல் வந்த செவர்லே கார்வெட்டின் உடம்பும் ஃபைபர் கிளாஸ்தான். ஆனால் கைவசம் ஒரு சின்ன ஷெட் மட்டுமே உள்ள தனி ஆள் இதை வைத்து முழு காரையும் புதிதாக வடிக்கலாம் என்று காட்டியவர்களில் ராத் முக்கியமானவர்.

முறை எளிது. பிளாஸ்டரில் காரின் உருவத்தைச் செதுக்க வேண்டும். அதை வைத்து, கண்ணாடி இழைத் துணியையும் பிசினையும் மாற்றி மாற்றிப் பூசி இறுக விட வேண்டும். சிலை செய்கிற மாதிரிதான். மனதில் தோன்றும் எந்த வளைவும் சாத்தியம்.

இப்படி 1959-ல் வந்தது ‘அவுட்லா’. மாடல் டி காரின் சாயலில், கெடிலாக் எஞ்சினோடு. அடுத்து 1961-ல் ‘பீட்னிக் பேண்டிட்’. இதில் ஸ்டீயரிங் வீலே கிடையாது. திருப்புவது, வேகம் கூட்டுவது, பிரேக் போடுவது எல்லாம் ஒரே ஒரு கைப்பிடியில். கூரைக்குப் பதிலாக, சூடாக்கி இளக்கிய அக்ரிலிக் தகடைக் காற்றால் ஊதிச் செய்த குமிழ். 1963-ல் ‘மிஸ்டீரியன்’ வந்தது. அதில் ஃபோர்டு வி8 எஞ்சின் ஒன்றல்ல, இரண்டு. முகப்பில் ஒற்றைக் கண் மாதிரி ஒரே ஹெட்லைட். 1964-ல் ‘ஆர்பிட்ரான்’. அதன் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள். மூன்றும் கலந்தால் வெள்ளை வெளிச்சம் என்பது ஐடியா.

எழுத்தாளர் டாம் உல்ஃப் 1963-ல் எஸ்கொயர் பத்திரிகையில் கலிஃபோர்னியாவின் இந்தக் கார் உலகத்தைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையில் ராத்தும் வருகிறார். மெக்கானிக் ஷெட்டில் நடப்பதைக் கலையாகப் பார்க்கலாம் என்ற பேச்சு அதன் பிறகு பரவலானது.

ஒரு கிட்டுக்கு ஒரு சென்ட்

கலிஃபோர்னியாவில் இருந்த ரெவெல் என்ற பிளாஸ்டிக் மாடல் கம்பெனி ராத்தோடு ஒப்பந்தம் போட்டது. நிஜ வண்டியை 25-ல் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாக ஒரு பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்குபவர் பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். ‘பிக் டாடி’ என்ற பட்டப்பெயரை மக்களிடம் கொண்டுபோனதும் ரெவெல்லின் விளம்பரம்தான்.

விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ராத்துக்குக் கிடைத்தது 1 சென்ட். டாலரில் நூறில் ஒரு பங்கு. 1963-ல் மட்டும் இப்படி அவருக்கு 32,000 டாலர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டால் அது 32 லட்சம் பெட்டிகள். ஒரே ஒரு ஆள் ஷெட்டில் கட்டிய வண்டிக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை.

ஆனால் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் ராத்தின் ஆர்வம் மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பியது. முரட்டு பைக் கும்பல்களோடு பழகினார், அவர்களைப் பற்றி போஸ்டர் போட்டார், பைக்குகளுக்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். குழந்தைகளுக்குப் பொருள் விற்கும் ரெவெல்லுக்கு அது ஒத்துவரவில்லை. உறவு முறிந்தது. 1970 வாக்கில் ஸ்டுடியோவை மூடினார். கார்களைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டார். பிறகு நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற கேளிக்கைப் பூங்காவில் பெயர்ப்பலகை எழுதும் வேலைக்குப் போனார். சுமார் 10 வருடம் அதில் இருந்தார்.

ஒரு காலத்தில் லட்சக்கணக்கான பெட்டிகளில் பெயர் அச்சான மனிதர், கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தார். 1974-ல் மார்மன் சபையில் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் யூட்டா மாநிலத்தின் மாண்டி என்ற சின்ன ஊரில் வாழ்ந்து, 2001 ஏப்ரல் 4-ம் தேதி 69 வயதில் இறந்தார்.

கார்கள் என்ன ஆயின?

‘பீட்னிக் பேண்டிட்’ அதிர்ஷ்டசாலி. நெவாடா மாநிலம் ரீனோவில் உள்ள தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘ஆர்பிட்ரான்’ பல வருடம் காணாமல் போய், 2007-ல் மெக்சிகோ எல்லை நகரமான சியுடாட் ஹுவாரஸில், ஒரு கடை வாசலில் சிதைந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது.

‘மிஸ்டீரியன்’ கதை இன்னும் மோசம். இரண்டு எஞ்சின்களின் எடையை அதன் சேசிஸ் தாங்கவில்லை. கண்காட்சி கண்காட்சியாகக் கொண்டுபோனதில் விரிசல் விட்டு உடைந்தது. கடைசியில் வண்டி பிரிக்கப்பட்டு, பாகங்கள் போன இடம் தெரியாமல் போயின. மிச்சம் இருந்தவை பத்திரிகைகளில் வந்த போட்டோக்களும் ரெவெல் கிட்டும்தான்.

போட்டோவிலிருந்து ஒரு காரை எப்படிச் செய்கிறார்கள்?

பழைய போட்டோவைப் பார்த்து ஹாட் ராட் மாடல் கட்டுவது உலகம் முழுக்க ஒரு தனிப் பொழுதுபோக்கு. கையில் வரைபடமோ அளவோ இருக்காது. அப்போது படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது வீல் ரிம்.

ஒரு உதாரணம். படத்தில் இருப்பது 15 அங்குல ரிம் என்று தெரிகிறது. அதாவது 381 மில்லிமீட்டர். படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ரிம் 30 மி.மீ. இருக்கிறது. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 200 மி.மீ. அப்படியானால் நிஜ வண்டியில் அந்தத் தூரம் 2,540 மி.மீ., அதாவது 100 அங்குலம். அது மாடல் டி ஃபோர்டின் அளவு! எந்த வண்டியை வைத்துக் கட்டியிருப்பார்கள் என்பதற்கு இது நல்ல துப்பு. 25-ல் ஒரு பங்கு மாடலில் அது சுமார் 102 மி.மீ. வரும்.

இந்தக் கணக்கு பக்கவாட்டில் நேராக எடுத்த படத்துக்குத்தான் சரிவரும். கோணலாக எடுத்த படத்தில் தூரத்தில் இருக்கும் சக்கரம் சிறிதாகத் தெரியும், நீளமும் குறுகிவிடும். அதனால்தான் மாடல் கட்டுபவர்களுக்கு ஸ்டைலான பத்துப் படங்களைவிட நேராக எடுத்த ஒரே ஒரு படம் உசத்தி.

நிறம் அடுத்த தலைவலி. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். மினுமினுக்கும் பெயின்ட் என்றால் இன்னும் சிக்கல். நிஜ காரில் போடும் அதே மினுக்குத் தூளைச் சின்ன மாடலில் போட்டால் ஜல்லி கொட்டிய மாதிரி இருக்கும். ஆகவே தூளையும் அளவுக்கேற்ப நுணுக்க வேண்டும். எஞ்சினை வேறொரு கிட்டிலிருந்து எடுப்பார்கள், உடம்பைப் பிளாஸ்டிக் தகடிலும் புட்டியிலும் செய்வார்கள். கண்ணாடிக் குமிழுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி ஒரு பந்தின் மேல் இழுப்பார்கள். ராத் செய்ததன் குட்டி வடிவம்தான் இது.

திரும்பி வந்த மிஸ்டீரியன்

2000-களில் அமெரிக்காவில் இதே வேலை தலைகீழாக நடந்தது. ‘மிஸ்டீரியன்’ காரின் முழு அளவுப் பிரதியைக் கட்டியவர்கள், பழைய போட்டோக்களோடு ரெவெல் கிட்டையும் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். நிஜ காரைச் சுருக்கி பொம்மை செய்தது ஒரு காலம். அந்தப் பொம்மையைப் பார்த்து மறுபடியும் கார் செய்தது இன்னொரு காலம். எஞ்சின் ஃபோர்டு கம்பெனியுடையது என்பதால் அதன் அளவு எல்லோருக்கும் தெரியும். அதை ஆதாரமாக வைத்து மற்ற பாகங்களின் அளவைப் பிடிக்க வழி இருந்தது.

ஒரு பெட்டிக்கு 1 சென்ட் என்பது இன்று பார்த்தால் ரொம்பக் குறைவாகத் தோன்றும். லாபத்தின் பெரிய பங்கு கம்பெனிக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ராத் தன் கார்களைப் பத்திரப்படுத்தவில்லை. ஒன்றை முடித்ததும் அடுத்ததுக்குப் போனார், பணம் தேவைப்பட்டபோது விற்றார். அவருக்குப் பதிலாக அவற்றைப் பத்திரப்படுத்தியவர்கள், கையில் பசையோடு மேஜையில் உட்கார்ந்திருந்த பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் சிலர் வளர்ந்து கார் கட்டுபவர்களானார்கள்.

ராத்தின் கார் கிட்டுகள் பின்னாளில் மறுபடியும் அச்சு வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அந்தப் பெட்டியைத் திறந்தால் இரண்டு எஞ்சின், ஒரு குமிழ், ஒரே ஒரு ஹெட்லைட் இருக்கும். 1963-ன் ‘மிஸ்டீரியன்’ அதில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒட்டுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.