ஏ.கே. செட்டியாரின் 50,000 அடி ஃபுட்டேஜ்

ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்தா நீங்க முதல்ல எதை அழிப்பீங்க? பெரும்பாலும் வீடியோவைத்தான், ஏன்னா அதுதான் அதிக இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி நம்ம பழைய ராமநாதபுரம் ஜில்லாக்காரர் ஒருத்தரோட கதையைப் படிச்சிடுங்க. அடுத்த எடிட்டிங் சிஸ்டம் எப்படி வாங்கணும்ங்கிறதுக்கும் அவர்கிட்ட பாடம் இருக்கு.

அவர் பேரு ஏ.கே. செட்டியார். முழுப் பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். 1911இல் காரைக்குடி பக்கத்துல கோட்டையூரில் பிறந்தார். வள்ளல் அழகப்பா செட்டியாருக்கும் அதே ஊர்தான். அன்னைக்கு அது ராமநாதபுரம் ஜில்லா, இன்னைக்கு சிவகங்கை மாவட்டம். நகரத்தார் வீட்டுப் பையன்கள் பர்மா, மலேயான்னு வட்டிக்கடைக்குப் போன காலம் அது. இவரும் பர்மா போனார், ஆனா கணக்குப்பிள்ளை வேலைக்கு இல்லை. ரங்கூனில் 'தனவணிகன்' என்ற தமிழ்ப் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தார்.

அப்புறம் கேமரா ஆசை வந்தது. ஜப்பானுக்குப் போய் டோக்கியோவில் புகைப்படக்கலை படிச்சார். அது போதாதுன்னு நியூயார்க் போய் அங்கேயும் படிச்சார். 1930கள்ல ஒரு தமிழ் இளைஞன் இதுக்காகக் கடல் தாண்டினான்னா வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஃபிலிம் எடுக்கப் போறேன்னு சொன்னவங்களுக்கு அது நல்லாவே புரியும்.

1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தார் செட்டியார். வயசு 25. காந்தியைப் பத்தி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்கணும்ங்கிற எண்ணம் அங்கேதான் பிறந்தது. அப்போ காந்தி உயிரோடு இருக்கார், இந்தியாவை வெள்ளைக்காரன் ஆண்டுகிட்டு இருக்கான். இப்படி ஒரு படத்துக்குப் பணம் போட யாரும் வரிசைல நிக்கலை.

இங்கேதான் அவரோட பிரச்சினை நம்ம பிரச்சினையாகுது. காந்தியோட பழைய வாழ்க்கையைப் புதுசா ஷூட் பண்ண முடியாது. முப்பது வருஷமா சுமார் 100 கேமராமேன்கள் தனித்தனியா எடுத்த காட்சிகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அதைத் தேடி ஐரோப்பா, அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கான்னு கிட்டத்தட்ட 1 லட்சம் மைல் அலைஞ்சார். இரண்டரை வருஷ அலைச்சல். கடைசியில சேர்ந்தது சுமார் 50,000 அடி ஃபிலிம். அதை வெட்டி ஒட்டி 12,000 அடியா ஆக்கினார்.

இதை நம்ம கணக்குக்கு மாத்திப் பார்ப்போம். 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினா நிமிஷத்துக்கு 90 அடி. அப்போ 50,000 அடின்னா 9 மணி நேரம் 15 நிமிஷம். 12,000 அடின்னா 2 மணி 13 நிமிஷம். நாலு நிமிஷம் பார்த்து ஒரு நிமிஷம் எடுத்திருக்கார்.

அதே 9 மணி 15 நிமிஷத்தை நீங்க இன்னைக்கு 4கே-யில் 100 எம்பிபிஎஸ் வேகத்துல ஷூட் பண்ணா, மணிக்கு 45 ஜிபி வீதம் சுமார் 416 ஜிபி வரும். ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி அத்தோட சரி. பிராக்ஸி ஃபைலுக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும் இடம் இருக்காது. அதனால சிஸ்டம் வாங்கும்போது கிராபிக்ஸ் கார்டோட பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, ஒரு ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை மணி நேர ஃபுட்டேஜ் வரும்னு இந்த மாதிரி ஒரு கணக்குப் போட்டுடுங்க.

செட்டியாருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. வந்த சுருள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பேசாப்படக் காலத்து ஃபிலிம் நொடிக்கு 24ஐவிடக் குறைஞ்ச ஃபிரேம்ல எடுத்தது. அதைப் பேசும்பட வேகத்துல ஓட்டினா ஆட்கள் ஓடுற மாதிரி தெரியும். நகலுக்கு நகல் எடுத்தா தரமும் குறையும். உங்களுக்கும் இதே கதைதான். ஒரு ஃபிரெண்ட் ஃபோன்ல எடுத்தது எச்.265, இன்னொருத்தர் கேமராவில் எடுத்தது 10 பிட். நிறைய கிராபிக்ஸ் கார்டுகள் 10 பிட் 4:2:2 எச்.264ஐ ஹார்டுவேர்ல டீகோட் பண்ணாது. பாரம் முழுக்க பிராசஸர் தலையில விழும், டைம்லைன் திக்கித் திணறும். 60,000 ரூபாய் கார்டு போட்டும் ஏன் இழுக்குதுன்னு நீங்க முழிப்பீங்க. முதல்ல உங்க கேமரா எந்த ஃபார்மட்ல எழுதுதுன்னு பாருங்க. அப்புறம் அதைப் படிக்கத் தெரிஞ்ச சிப்பை வாங்குங்க. பட்ஜெட் இல்லையா, பிராக்ஸி போட்டு எடிட் பண்ணுங்க. 16 ஜிபி ரேம்லயே வேலை நடக்கும், 32 இருந்தா நிம்மதி.

படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் தமிழில் வெளிவந்தது. பிறகு தெலுங்கிலும் வந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகிட்டிருந்த நேரம், காந்தி படம் காட்டுறது ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கிற காரியமில்லை. அடுத்து 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வந்தது. பறிமுதல் பயத்துல சுருள்களைப் பத்திரமா ஒளிச்சு வைக்கவேண்டிய நிலை. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் டெல்லியில் ஹிந்தி வர்ணனையோடு திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பும் வெளிவந்தது.

அதுக்கு அப்புறம் அவர் சினிமா பக்கம் பெருசா போகலை. 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' மாத இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். பழைய பத்திரிகைகளில் புதைஞ்சு கிடந்த கட்டுரைகளைத் தேடித் தேடி அதில் மறுபடி அச்சிட்டார். மத்தவங்க எழுதின பயணக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமா போட்டார். யோசிச்சுப் பார்த்தா இதுவும் ஃபுட்டேஜ் சேகரிக்கிற வேலைதான். தன்னை எங்கேயும் முன்னிறுத்திக்காத மனுஷன். 'உலகம் சுற்றும் தமிழன்'னு புத்தகம் எழுதி, அந்தப் பேராலேயே அறியப்பட்டவர். 1983இல் காலமானார்.

ஆனா அந்தப் படம்? பல பத்தாண்டுகளா அது யார் கண்ணிலும் படலை. 1 லட்சம் மைல் அலைஞ்சு சேர்த்ததைப் பார்க்க ஒரு பிரதி கூட இல்லாம போச்சு. பட வேலையைப் பத்தி அவர் எழுதினதைத் தொகுத்து 'அண்ணல் அடிச்சுவட்டில்'னு புத்தகமாக்கியவர் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி. அவரோட தேடலில்தான், இந்த நூற்றாண்டில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலப் பதிப்பு கிடைச்சது. சென்னையில் ஓடின தமிழ்ப் படத்தோட மிச்சம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து கிடைக்குது பாருங்க.

அன்னைக்கு ஃபிலிம் நைட்ரேட்டில் செஞ்சது. சுலபமா தீப்பிடிக்கும், சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் கெட்டுப்போகும். நம்ம ஊர்ல ரெண்டுக்குமே பஞ்சமில்லை. இன்னைக்கு ஹார்டு டிஸ்க் தீப்பிடிக்காது, சத்தமில்லாம செத்துப்போகும். அதனால மூணு பிரதி வைங்க. எடிட் பண்ற எஸ்எஸ்டியில் ஒண்ணு. வெளி ஹார்டு டிஸ்கில் ஒண்ணு, பழசைச் சேர்த்து வைக்க அதுதான் விலை குறைவு. மூணாவது வேற ஊர்ல, அல்லது கிளவுடில். எஸ்எஸ்டியை மட்டும் நம்பி வருஷக்கணக்கா அலமாரியில் போட்டு வைக்காதீங்க, மின்சாரமே காட்டாம விட்டா அதில் இருக்கிற டேட்டா மெல்ல மறையலாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் இருக்கிறவங்க இன்னும் ஒண்ணு கவனிக்கணும். உப்புக்காத்து போர்ட்டை அரிக்கும், ஈரம் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைக்கிறது ரொம்பச் சின்னச் செலவு. எடிட் பண்ற நேரம் கரண்ட் போனா ஃபைல் கெடாம இருக்க, டெஸ்க்டாப்புக்கு ஒரு யூபிஎஸ்ஸும் வேணும்.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தாச்சு. கடலை ஒட்டி ரயில் ஊர்ந்து போறதையும், நடுப்பாலம் ரெண்டா பிளந்து கப்பலுக்கு வழிவிடறதையும் ஜன்னல் வழியாவோ ரோட்டுப் பாலத்தில் நின்னோ ஃபோன்ல எடுத்தவங்க உங்களில் எத்தனையோ பேர் இருப்பீங்க. அந்தக் காட்சியை இனி யாராலும் ஷூட் பண்ண முடியாது. நாளைக்கு இந்தப் பாலத்தைப் பத்தி ஒருத்தர் படம் எடுக்க வந்தா, செட்டியார் மாதிரி உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டணும்.

அதனால இன்னைக்கு ராத்திரி புது லேப்டாப் ரிவ்யூ பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கிளிப்பைத் தேடி எடுத்து இன்னொரு டிஸ்கில் காப்பி பண்ணிடுங்க. தேதியையும் இடத்தையும் ஃபைல் பெயரிலேயே எழுதிடுங்க.