தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்)

தான் யார், தன்னைப் படைத்தவன் யார் என்ற கேள்வி மனிதனுக்கு எப்போது பிறந்தது? கி.மு. 6-ம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டுத் தேலீஸ், எல்லாவற்றுக்கும் நீரே மூலம் என்று சொன்னதிலிருந்து தத்துவ நூலார் கணக்கைத் தொடங்குவர். அதற்கு வெகுகாலம் முன்பே இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் நட்சத்திரம், சந்திரன், சூரியன் மூன்றையும் நோக்கி, மறைவது இறைவனாகாது என்று மொழிந்ததை அன்ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம்.

அக்கேள்வியைத் தமிழில் கேட்ட மகான் ஒருவர் 17-ம் நூற்றாண்டில், நமதூர் கடையநல்லூருக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கல் தொலைவிலுள்ள தென்காசியில் பிறந்தார்கள். தந்தை சிறுமலுக்கர், தாயார் ஆமினா. இளமையில் மேற்கு மலைக் காடுகளில் தனித்திருந்து தியானித்தார்கள். கேரளத்துப் பீர்மேடு அவர்கள் பெயராலேயே வழங்குகிறது என்பர். பின்னர் தக்கலையில் தங்கி, தறி நெய்து உண்டார்கள். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நம்மவருக்கு இதன் அருமை தெரியும். கால் மிதியிலும் கை நாடாவிலும் இருக்க, கல்பு ரப்பை நினைந்து கொண்டிருக்கும்.

ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானரத்தினக் குறவஞ்சி, பிஸ்மில் குறம் என அவர்கள் பாடியவை பல. அரபி அறியாத பாமர மக்களுக்காக, நாட்டார் அறிந்த குறத்தையும் குறவஞ்சியையும் எடுத்துக்கொண்டார்கள். சித்தர்களின் சொற்களையும் தாராளமாகக் கையாண்டார்கள். சங்கடம் இங்கேதான் எழுந்தது. படைத்தவனும் படைப்பும் ஒன்றென்று அப்பா பாடியதாகச் சிலர் பொருள் கொண்டனர். அதைக் கேட்ட சிலர், இவை மார்க்கத்திற்கு ஆகாத பாடல்கள் என்று ஒதுக்கினர். இரு சாராரும் ஞானப்புகழ்ச்சியை முழுவதும் ஓதிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 600-க்கும் மேற்பட்ட அப்பாடல்களில் அடியான் ஒருவன் ரப்பைப் புகழ்ந்து, பிழை பொறுக்கக் கெஞ்சி, கையேந்தி நிற்கிறான். இருவரும் ஒன்றே என்றால் கேட்பது யார், கொடுப்பது யார்?

சமகாலத்தவரான காயல்பட்டினம் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632-1703) ஷரீஅத்தில் இம்மியும் விட்டுக்கொடாத பெரும் ஆலிம். அவர்கள் தக்கலை வந்து இவரைக் கண்டு மதித்ததாக முன்னோர் வாய்மொழியில் வழங்கி வருகிறது. ஷரீஅத்தை விட்டு மஃரிபத் பேசுவோர் இதைச் சற்று யோசிக்கட்டும்.

அப்பா அவர்கள் தக்கலையிலேயே அடங்கியுள்ளார்கள். ஆண்டுதோறும் ரஜப் 14-ம் இரவில் அங்கு கூடுவோர் ஞானப்புகழ்ச்சியை விடிய விடிய ஓதி வருகிறார்கள்.