சர் சோபா சிங்

தில்லியின் இந்தியா கேட்டை நேரிலோ படத்திலோ கண்டிருப்பீர்கள். அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் சோபா சிங். அருகிலுள்ள சவுத் பிளாக்கும் அவர் எழுப்பியதே.

இன்று பாகிஸ்தானில் உள்ள ஹடாலி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், தந்தை சுஜான் சிங்கிடம் தொழில் கற்றார். 1911இல் தில்லி தலைநகராக அறிவிக்கப்பட்டதும் இருவரும் அங்குக் குடியேறினர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நகரின் வடபுறத்தில் அடிக்கற்களை நாட்டியிருந்தார். பின்னர் ரைசினா குன்றே தக்க இடம் எனத் தேர்ந்தபோது, அக்கற்களை இரவோடிரவாக மாட்டுவண்டியில் கொணர்ந்தவர் சோபா சிங் என்பர். முட்புதர் மண்டிய நிலங்களை மலிவாக வாங்கிப் பெருஞ்செல்வரானார். புது தில்லி நகராட்சியின் முதல் இந்தியத் தலைவராகவும், நடுவண் மேலவை உறுப்பினராகவும் விளங்கினார்.

ஆயினும், மக்கள் மறவாதது வேறொன்று. 1929 ஏப்ரல் 8 அன்று நடுவண் சட்டமன்றத்தில் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியபோது அவர் பார்வையாளர் மாடத்தில் இருந்தார். நீதிமன்றத்தில் அவர்களை அடையாளம் காட்டினார். அவ்வழக்கில் இருவருக்கும் வாழ்நாள் முழுதும் நாடுகடத்தும் தண்டனை கிடைத்தது. பகத்சிங் தூக்கிலிடப்பட்டதோ லாகூரில் நடந்த மற்றொரு வழக்கில். இவ்வேறுபாட்டைப் பலர் அறியார்.

1978இல் சோபா சிங் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பின், தில்லியின் சாலைச் சந்திப்பு ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்ட முனைந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது.